நன்றிக்குப் போட்டி வைத்த சிசிலியா

சிசிலியா ரீச்சர் எந்த மேடையிலும் தாளைப் பார்த்துக் கதைத்தவள் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பெருமை. பிறகு அவளைத் தலை நிமிர விடாமல் செய்ததும் அதே பெருமைதான்.

அவள் மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்த பிள்ளை. சின்ன வயதில் ஷெல்லடிக்குப் பயந்து தாய் தகப்பனோடு வள்ளத்தில் ஏறி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தவள். வீடு போனது, தகப்பனின் வலையெல்லாம் போனது, பள்ளிக்கூடப் புத்தகம் கடலுக்குள் விழுந்தது. முகாமில் ஒரு சிஸ்டர், தகரக் கொட்டகைக்குள் பிள்ளைகளை இருத்தி, வேதாகம மனனப் போட்டி வைத்தா. சிசிலியா நீளமான சங்கீதம் ஒன்றை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்து ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கினாள். அன்றைக்கு அந்தச் சின்ன மண்டைக்குள் ஒரு எண்ணம் ஏறிக் குந்திக்கொண்டது: பாடமாக்கி வைத்ததை ஆமி எரிக்கவும் மாட்டான், கடல் கொண்டுபோகவும் மாட்டாது. அதில் பிழை சொல்ல ஏலாது. அந்த வயதில் அவளிடம் வேறு என்ன இருந்தது?

பிறகு ஊருக்குத் திரும்பி, படித்து, ரீச்சராகி, சில்வெஸ்ரரைக் கலியாணம் முடித்து நியூசிலாந்தில் ஓக்லாந்துக்கு வந்தாள். சில்வெஸ்ரருக்கு விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. வீடு பாபடோயிட்டோயில். கிழமை நாட்களில் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ரீச்சர். சனிக்கிழமைகளில் ஹில்ஸ்பரோவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடக்கும் தமிழ் வகுப்புக்கு அவள்தான் எல்லாம். விநாயகமூர்த்தி என்று ஒருத்தர் தலைவர். நல்ல மனுசன். ஆனால் ஒலிவாங்கியைக் கையில் குடுத்தால் திருப்பித் தரமாட்டார்.

வகுப்பு அந்த நேரம் தேய்ந்துகொண்டு வந்தது. பிள்ளைகள் ஆனா ஆவன்னாவை எழுதி எழுதிக் கொட்டாவி விட்டன. ஒன்று நீச்சலுக்குப் போனது, ஒன்று கிரிக்கெட்டுக்குப் போனது. அப்போதுதான் யசீகரன் குடும்பம் கனடாவிலிருந்து வந்து பிளாக்ஹவுஸ் பேயில் குடியேறியது. யசீகரன் யாழ்ப்பாணத்துப் பொடியன். மகள் ஸ்ருதிக்கு ஒன்பது வயது. மனைவியின் பெயர் டார்லீன். மாநிறம், இடுப்பு வரைக்கும் ஒற்றைப் பின்னல். விநாயகமூர்த்தி முதல் நாளே போய், "தங்கச்சி, நீங்கள் எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு, "கிராண்ட் ரிவர்" என்றாள். "அது வன்னியிலை எவடம்?" என்று அவர் யசீகரனைத் திரும்பிக் கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

டார்லீன் கனடாவின் பூர்வீகக் குடிகளில் ஒன்றான மோஹாக் இனத்தவள். ஒருகாலத்தில் ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டு இருந்த இனங்கள் ஆயுதத்தைப் புதைத்துவிட்டு ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்தன. அந்தச் சேர்ந்த மக்களுக்கு ஹோடினோஷோனி என்று பெயர், நீள வீட்டு மக்கள் என்று கருத்து. அவர்களில் ஒரு இனந்தான் இவளுடையது. பிள்ளை தாயின் குலத்தைத்தான் சேரும் என்பதால் ஸ்ருதியும் ஆமைக் குலம். கனடாவில் தங்கள் சனம் தாங்களே நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் டார்லீன் படிப்பித்தவள். அங்கே காலமை எழும்பி முதல் வேலை, நன்றி சொல்வது.

"யாருக்கு?" என்று சிசிலியா கேட்டாள்.

"எல்லாத்துக்கும்" என்றாள் டார்லீன். அவள் கதைப்பது ஆங்கிலந்தான். "முதலில் மனிசருக்கு. பிறகு நிலம், தண்ணி, மீன், செடி, மிருகம், மரம், பறவை, காற்று, இடி, சூரியன், நிலவு, நட்சத்திரம். ஒவ்வொன்றும் சொல்லி முடிய, 'இப்ப எங்கள் மனம் ஒன்று' என்று எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம். பாடமாக்குகிற சாமான் இல்லை, சிசிலியா. ஒழுங்கு ஒன்று இருக்கு, சொல்லு அவரவர் சொல்லு. சிலர் சுருக்கமாய் முடிப்பார்கள், சிலர் மத்தியானம் வரைக்கும் விடமாட்டார்கள். கடைசியில் ஒன்று சொல்லுவோம்: ஏதும் விட்டுப்போயிருந்தால் வேணுமென்று விட்டதில்லை, அதை அவரவர் தங்கள் வாயால் சொல்லிக்கொள்ளட்டும்."

சிசிலியாவுக்கு அது பிடித்துவிட்டது. மேசை கதிரையை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளை வட்டமாய் இருத்தினாள். நன்றியைத் தமிழில் தொடங்கினார்கள். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி வெட்டினார்கள். சோளம் நிற்கும், பயிற்றை அதில் ஏறும், பூசணி நிலத்தை மூடும். மூன்றும் சகோதரிகள் என்றாள் டார்லீன். கடல் உள்வாங்குகிற வத்து நேரத்தில் மனுக்காவுக் கடற்கரைக்கு இறங்கிச் சேற்றுக்குள் நின்று நண்டு பார்த்தார்கள். அங்கே நின்ற மரத்துக்குக் கண்டல் என்று சிசிலியா பெயர் சொன்னபோது பிள்ளைகள் அந்தச் சொல்லைப் புளியங்காய் மாதிரி வாய்க்குள் உருட்டின. எல்லாரும் ஒத்துக்கொள்ளுமட்டும் கதைத்துத்தான் முடிவெடுப்பது என்றும் ஒரு பழக்கம் வந்தது. தின்ன என்ன கொண்டுவருவது என்று ஒரு சனிக்கிழமை முழுக்கப் பிள்ளைகள் வாதாடின. வாதாடியது தமிழில். கடைசியில் ரோல்ஸ் என்று முடிவானபோது, எதிர்த்து நின்ற பொடியனுக்கு உறைப்பில்லாத ரோல்ஸ் தனியாய் என்றும் சேர்த்து முடிவானது.

அந்த நாட்களில் ஒருநாள், தேத்தண்ணி குடிக்கையில், டார்லீன் தன்னுடைய அம்மம்மாவைப் பற்றிச் சொன்னாள். அரசாங்கம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்த பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தவவாம். சொந்தப் பாஷை கதைத்தால் அடி. எழும்ப ஒரு மணி, தின்ன ஒரு மணி, வாயை மூட ஒரு மணி. கிழவியாகின பிறகும் எங்கேயாவது மணிச் சத்தம் கேட்டால் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நிற்பாவாம். இந்த நன்றிச் சொல்லை அவ போர்வைக்குள் முணுமுணுத்துக் காப்பாற்றி மகளுக்குக் குடுத்தா, மகள் டார்லீனுக்குக் குடுத்தா, டார்லீன் ஸ்ருதிக்குக் குடுத்தாள். சிசிலியா கேட்டு அழுதாள். உண்மையாய்த்தான் அழுதாள்.

ஆனால் தாய் தகப்பன்மார் முறுமுறுக்கத் தொடங்கினார்கள். "எழுத்து எங்கை? சோதினை எங்கை? சேறு மிதிக்கவோ சனிக்கிழமை கொண்டுவந்து விடுறம்?" ஏழு தலைமுறைக்குப் பிறகு வரப்போகிற பிள்ளைகளையும் நினைத்து முடிவெடுப்பது டார்லீனின் சனத்துடைய வழக்கம் என்று சிசிலியா சொல்லிப் பார்த்தாள்.

"ஏழு தலைமுறையோ?" என்றார் விநாயகமூர்த்தி. "எனக்கு இந்தத் தவணை முடியுமட்டும் பிள்ளையள் வந்தாலே போதும் ரீச்சர். ஆண்டு விழா வருது. சனத்துக்கு என்னத்தைக் காட்டப் போறம்?"

சிசிலியாவுக்குச் சுருக்கென்றது. தன் வகுப்பு விளையாட்டு இல்லை என்று காட்டவேண்டும். யாரும் தூண்டவில்லை, அவள் வாயிலிருந்துதான் வந்தது:

"அண்ணை, அந்த நன்றியையே மனனப் போட்டியாய் வைப்பம். மூண்டு நிமிஷம். முதலாம் இடத்துக்கு ஷீல்ட்."

விநாயகமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே, ரீச்சர்!"

அவள் அன்றிரவே இருந்து அழகான செந்தமிழில் எழுதினாள். மூன்று நிமிஷத்துக்குள் அடங்கவில்லை. எதை வெட்டலாம் என்று பார்த்தாள். கடைசியில் வரும் அந்த 'விட்டுப்போயிருந்தால்' பகுதி கண்ணில் பட்டது. போட்டியில் நின்றுகொண்டு மறந்திருப்பேன் என்று எந்தப் பிள்ளையாவது சொல்லுமா? வெட்டினாள்.

சில்வெஸ்ரர் கட்டிலில் கிடந்தபடி, "நன்றிக்கும் மார்க்ஸ் போடப் போறியோ?" என்று கேட்டார்.

"உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் பெட்டி தூக்குறதைப் பாருங்கோ."

"பெட்டியைப் பிழையாய் ஏத்தினா பிளேன் சரியும். எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

டார்லீனுக்கு, "பிள்ளையள் மேடையிலை நன்றி சொல்லப்போகினம்" என்று மட்டும் சொன்னாள். போட்டி என்ற சொல்லை விழுங்கிவிட்டாள். பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தாளாம். அப்படி இல்லை. சொன்னால் அவள் வேண்டாம் என்பாள் என்று இவளுக்கு நல்லாய்த் தெரியும்.

விழா நாள் மண்டபம் நிறைந்துபோய்விட்டது. சேலை, வேட்டி, மல்லிகைப்பூ, குசினியில் ரோல்ஸ் பொரிகிற மணம். நடுவர் மேசையில் ஒரு பித்தளை மணி. அதைத் தன் வீட்டு மாதா சுரூபத் தட்டிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தவள் சிசிலியாவேதான்.

அனுஷன் என்ற பிள்ளை முதலில் ஏறினான். "நீரே! உனக்கு நன்றி!" என்று கையை உயர்த்தி அவன் முழங்கிய முழக்கத்துக்குத் தேர்தல் கூட்டம் தோற்றுவிடும். இரண்டே முக்கால் நிமிஷம். கைதட்டு.

பிறகு ஸ்ருதி. அவள் ரீச்சர் குடுத்த தாளைப் பாடமாக்கவில்லை. தனக்குத் தெரிந்த மாதிரித் தொடங்கினாள், உடைந்த தமிழில். கதிரை அடுக்கின மாமாமாருக்கு நன்றி. குசினியில் ரோல்ஸ் சுடுகிற அன்ரிமாருக்கு நன்றி. சனம் சிரித்தது. அவள், தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று நினைத்துத் தானும் சிரித்தாள். நிலத்துக்குச் சொன்னாள். தண்ணிக்கு வந்தபோது அம்மாவின் ஆற்றுக்கும், மனுக்காவு கடலுக்கும், அதில் வத்து நேரம் தெரியும் சேற்றுக்கும் சொன்னாள். "நண்டு வீடு கட்டுறதுக்குச் சேறு வேணும்" என்றாள். சோளம், பயிற்றை, பூசணி. கண்டல் மரம். பறவைக்கு வந்தாள்.

மணி அடித்தது.

ஸ்ருதி நின்றாள். மணியைப் பார்த்தாள். பிறகு மெதுவாய், "பறவைகள்..." என்று மறுபடி தொடங்கினாள்.

மணி மறுபடி அடித்தது. விநாயகமூர்த்தி ஒலிவாங்கியில், "நேரம் முடிஞ்சுது பிள்ளை, இறங்கலாம்" என்றார்.

"நான் இன்னும் சூரியனுக்குச் சொல்லேல்லை" என்றாள் அவள், ஆங்கிலத்தில்.

சனம் இன்னொருக்கால் சிரித்தது. சிசிலியா பின்பக்கம் பார்த்தாள். எல்லாரும் இருக்க, டார்லீன் மட்டும் எழும்பி நின்றுகொண்டிருந்தாள். முதல் மணிக்கே எழும்பியிருக்கவேண்டும். கையிலிருந்த கோப்பை கீழே, கதிரைக் காலடியில் இருந்தது.

இது மட்டும் என்றால்கூடப் போகட்டும். பரிசெல்லாம் குடுத்து முடிய ஸ்ருதி சிசிலியாவிடம் வந்தாள். நடுவர்கள் பாடத்தில் இல்லாததைச் சொன்னதற்கும், விட்டதற்கும் புள்ளி வெட்டி, அவளைக் கடைசியில் போட்டிருந்தார்கள். அவள் அழவில்லை. அண்ணாந்து பார்த்து, "ரீச்சர், நான் பிழையாய் நன்றி சொல்லிட்டனா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷம் படிப்பித்த வாய், நினைக்க முதலே திறந்துவிட்டது.

"பரவாயில்லை, அடுத்த வருஷம் வடிவாப் பாடமாக்கிக்கொண்டு வாங்கோ."

டார்லீன் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். ஏசியிருந்தாலாவது சிசிலியா திருப்பி ஏசியிருப்பாள், கொஞ்சம் ஆறியிருக்கும்.

காரில் வரும்போது சில்வெஸ்ரர் வழமைக்கு மாறாக ரேடியோவைப் போடவில்லை. பாதி வழியில், "அந்தப் பிள்ளை எங்களுக்கும் சேத்து நன்றி சொல்லிச்சு. நாங்கள் மணி அடிச்சம்" என்றார்.

"வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கோ" என்றாள் சிசிலியா. மடியில் அந்த மணி. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அது கிணுங்கியது. நாக்கை விரலால் பிடித்துக்கொண்டே வீடுவரைக்கும் வந்தாள்.

அடுத்த சனி ஸ்ருதி வரவில்லை. அதற்கு அடுத்த சனியும் இல்லை. சிசிலியா யசீகரனுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, வகுப்புக்கு வராதது பெரிசில்லை" என்றான் அவன். "வீட்டிலை காலமை தாயோடை சேர்ந்து சொல்லுறவள், அதையும் விட்டிட்டாள். கேட்டா, எனக்குச் சரியாத் தெரியாது, நீங்களே சொல்லுங்கோ எண்டுறாள். டார்லீன் தனிய நிண்டு சொல்லுறா. பாக்கேலாமல் கிடக்கு."

சிசிலியா போனை வைத்தாள். அடித்துப் பிடுங்கப் பார்த்தும் பிடுங்க முடியாமல் போர்வைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சொல்லு. கடல் தாண்டி ஓக்லாந்து வரைக்கும் வந்து சேர்ந்த சொல்லு. அதை ஒரு பித்தளை மணியும், ஒரு ஷீல்டும், தன்னுடைய ஒரு வசனமும் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துவிட்டன. பாடமாக்கினால் யாரும் பறிக்க ஏலாது என்று நம்பி இருந்தவள், தானே பறித்தவளாய் நின்றாள்.

அடுத்தநாளே பிளாக்ஹவுஸ் பேயில் டார்லீன் வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் ஆங்கிலத்தில் மன்னிப்பைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வீட்டு வாசலுக்கு வந்தும் கதவைத் தட்டவில்லை. தங்கள் நாட்டில் வருகிறவர்கள் காட்டோரத்தில் நிற்பார்கள், வீட்டுக்காரர் வந்து அவர்களின் கண்ணீரைத் துடைத்து, காதையும் தொண்டையையும் சுத்தமாக்கித்தான் உள்ளே கூட்டிப்போவார்கள் என்று டார்லீன் முந்தி ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. தன்னைக் கூட்டிப்போக யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தபால் பெட்டியடியில் நின்றாள். வெய்யில் ஏறியது. அடுத்த வீட்டு நாய் குரைத்துக் களைத்துப் படுத்துவிட்டது.

டார்லீன் வெளியே வந்தாள். கையில் ஒரு கிளாஸ் தண்ணி. நீட்டினாள். சிசிலியா குடித்துவிட்டு, மளமளவென்று சொல்லத் தொடங்கினாள். அழகான ஆங்கிலம். ஒரு சொல் தடக்கவில்லை.

டார்லீன் இடைமறித்தாள். "சிசிலியா, இதைப் பாடமாக்கிக்கொண்டு வந்தீங்களோ?"

நிலம் பிளந்திருந்தால் இறங்கியிருப்பாள். மன்னிப்பையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்கிறாள்! "ஓம்" என்றாள். தமிழில்தான் வந்தது.

"மணியைப் பற்றி நான் சொன்னனான்."

"சொன்னனீங்கள்."

"அதுக்குப் பிறகும் வச்சனீங்கள்."

"அதுக்குப் பிறகும்."

டார்லீன் கிளாஸை வாங்கிக்கொண்டாள். "எனக்குச் சொன்னது போதும். ஆனால் அவளுக்கு மன்னிப்புத் தேவையில்லை. தான் சொன்னது சரியா பிழையா என்றுதான் அவளுக்குத் தெரியவேணும். எல்லாருக்கும் முன்னால் பிழை என்றீங்கள்."

"அப்ப எல்லாருக்கும் முன்னாலை திருத்துறன். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருவீங்களோ?"

"கேட்டுப் பார்க்கிறேன். இழுத்துக்கொண்டு வரமாட்டேன்."

யன்னல் திரை ஒருக்கால் அசைந்தது. பிள்ளை வெளியே வரவில்லை.

சனிக்கிழமை, தாய் தகப்பன்மாரை நிற்கச் சொன்னாள் சிசிலியா. மண்டபத்துக்குப் பின்னால், பாத்தியடியில் எல்லாரும் வட்டமாய் நின்றார்கள். சோளம் முழங்கால் உயரம் வந்திருந்தது, பயிற்றை அதில் கையைப் போடத் தொடங்கியிருந்தது. டார்லீனும் ஸ்ருதியும் வந்தார்கள். ஆனால் வட்டத்துக்குள் வரவில்லை, காரடியிலேயே நின்றார்கள்.

"நான் நன்றிக்குப் போட்டி வச்சது பிழை" என்றாள் சிசிலியா. "மறந்ததுக்கும் அதிலை ஒரு இடம் இருக்கு. அந்த இடத்தை நான் வெட்டிப்போட்டு, மறந்த பிள்ளையளுக்குப் புள்ளி வெட்டினன். ஸ்ருதி சொன்னதுதான் சரி."

அனுஷனின் தாய்க்கு முகம் சுருங்கியது. "அப்ப எங்கட பிள்ளையின்ரை ஷீல்ட்?"

"அது அவன் உழைச்சது. அவன்ரை. பிழைதான் என்ரை."

விநாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார். "ரீச்சர், மணி அடிச்ச கை நடுவர்ரை. நேரம் முடிஞ்சுது எண்டு சொன்ன வாய் என்ரை. எல்லாத்தையும் நீங்களே எடுக்காதேங்கோ" என்றார். ஒலிவாங்கி இல்லாமல் அவர் கதைத்து அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

பிறகு சிசிலியா தானே நன்றியைத் தொடங்கினாள். ஒன்றையும் பாடமாக்கிக்கொண்டு வரவில்லை. வாழ்க்கையில் முதன்முறை. மனிசருக்குச் சொன்னாள். நிலத்துக்குச் சொன்னாள். பிறகு செடிகொடிக்குப் போய்விட்டாள்.

"ரீச்சர் தண்ணியை விட்டிட்டா! மீனையும் விட்டிட்டா!" என்று அனுஷன் கத்தினான்.

பேசாலைக் கடலில் பிறந்தவள். மீனில் வளர்ந்தவள். கண்ணுக்கு முன்னால் மனுக்காவு பெருத்து நிறைந்து கிடக்கிறது. அந்தத் தண்ணியை மறந்துபோனாள். வேண்டுமென்றுதான் செய்தாள் என்று பிறகு சிலர் கதைத்தார்கள். இல்லை. ஆர் என்ன சொன்னாலும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காது வரைக்கும் சிவந்து, போன இடத்திலிருந்து திரும்பி வரவும் வழி தெரியாமல் நின்றாள். பிள்ளைகள் சிரித்தன. அவள் மேடையில் இருந்து இறக்கிவிட்ட பிள்ளைக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நெஞ்சுக்குள் இறங்கியது அப்போதுதான்.

காரடியிலிருந்து ஒரு குரல் வந்தது, பாதி தமிழ், பாதி ஆங்கிலம். "பரவாயில்லை ரீச்சர். விட்டதுக்குத்தான் கடைசியிலை ஒண்டு இருக்கே."

"எனக்கு அது சரியாத் தெரியாது" என்றாள் சிசிலியா. அந்தச் சொல்லை ஒரு வகுப்புக்கு முன்னால் அவள் சொன்னதே இல்லை. "நீங்கள் சொல்லுவீங்களோ?"

ஸ்ருதி தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. பிறகு பிள்ளை நின்ற இடத்திலேயே நின்று, பறவையிலிருந்து தொடங்கினாள். அன்றைக்கு மணி அடித்த இடத்திலிருந்து. காற்றுக்குச் சொன்னாள், இடிக்குச் சொன்னாள், சூரியனுக்குச் சொன்னாள், நிலவுக்கும் நட்சத்திரத்துக்கும் சொன்னாள். கடைசியில், ஏதும் விட்டிருந்தால் வேணுமென்று விட்டதில்லை என்றும் சொன்னாள். அதை முதலில் தாயின் பாஷையில் சொல்லிவிட்டுப் பிறகு தமிழில் சொன்னாள். டார்லீன் அதற்குள் காரின் மற்றப் பக்கம் போய் நின்றுவிட்டாள். முகம் தெரியவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் ஸ்ருதி வருகிறாள். சில நாள் வட்டத்துக்குள் இருப்பாள், சில நாள் மாட்டாள். ஆரும் கேட்பதில்லை. வீட்டில் காலமையில் இரண்டு குரல் கேட்கிறது என்று யசீகரன் சொன்னான். சிசிலியாவுக்கு அது போதும்.

வெட்கம் மட்டும் போகவில்லை. அனுஷன் வீட்டில் ரீவிக்குப் பக்கத்தில் அந்த ஷீல்ட் மினுங்கிக்கொண்டு நிற்கிறது: 'நன்றி கூறல் போட்டி, முதலாம் இடம்.' அவர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனால் சில்வெஸ்ரர் வேணுமென்றே முன்னுக்கு ஓடிப்போய், அதற்கு நேரே இருக்கிற கதிரையைத்தான் அவளுக்கு இழுத்துப் போடுவார். அவளும் அதில்தான் இருப்பாள்.